மடிப்புக் கலையாத சிவப்புத் துணி

பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவரப்படும் துப்பாக்கியைக் கண்டால் ராக்ஸான் பெல்லுக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரம் வரை ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்த பொருளாக இருக்கும் அது. எவனோ ஒரு மேதாவி பத்து நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் அதைப் பரப்பி, கியர் பெட்டியின் இரண்டு ஓடுகளையும் பிரித்திருப்பான். உள்ளே அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்கை முதலில் தளர்த்த வேண்டும் என்று வீடியோக்காரன் சொன்ன இடத்தில் இவன் சிப்ஸ் எடுக்க எழுந்து போயிருப்பான். ஸ்பிரிங் பாய்ந்து கூரையில் அடிக்கும், வாஷர்கள் தரைவிரிப்பில் காணாமல் போகும். சனிக்கிழமை காலை மிச்சம் மீதியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்பான்.

"ஒண்ணுமில்ல, சும்மா திறந்து பார்த்தேன். தானா கழண்டுடுச்சு" என்பான்.

"ஆமா, அதுக்கு உங்க வீடு பிடிக்கல, கிளம்பிடுச்சு" என்பாள் ராக்ஸான்.

மன்சி ஊருக்கு வெளியே, சோளக்காடுகளுக்கு நடுவே மூடிக் கிடக்கும் கூரை ஓட்டுத் தொழிற்சாலைதான் ஏர்சாஃப்ட் என்னும் பொய்ச் சண்டை விளையாட்டுக்குக் களம். வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், ஒரு தார்ப்பாய்க்குக் கீழே அவளுடைய மேசை. இருபத்திரண்டு வருஷம் நகல் இயந்திரங்களைப் பிரித்து மாட்டியவள் அவள். பல் தேய்ந்த கியரின் சத்தத்தைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அவள் வாய்க்குப் பயந்துகொண்டு பலர் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு எட்டப் போய் நிற்பார்கள்.

வாரம் முழுக்க மெத்தை விற்றவனும் பல் பிடுங்கினவனும் சனிக்கிழமை வந்தால் போர்வீரனாகிவிடுவான். உடம்பெல்லாம் பை, பை நிறைய பை, தலையில் கவசம், தோளில் தானே தைத்துக்கொண்ட சின்னம். கையில் இருப்பது பேட்டரியில் ஓடும் துப்பாக்கி. மோட்டார் கியரைச் சுற்றும், கியர் பிஸ்டனைப் பின்னால் இழுக்கும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும், அந்தக் காற்றில் பட்டாணி அளவு பிளாஸ்டிக் குண்டு பறக்கும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு இவர்கள் செய்யும் அலட்டல் இருக்கிறதே, சொல்லி மாளாது.

இந்த அலட்டலில் ஒரே ஒரு மரியாதையான காரியம் உண்டு. குண்டு பட்டால் அடையாளம் எதுவும் இருக்காது. பட்டவனே கையைத் தூக்கி, "பட்டது!" என்று கத்த வேண்டும். இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை உருவித் தலையில் போட்டுக்கொண்டு, ஆரம்பித்த இடத்துக்கு நடக்க வேண்டும். துப்பாக்கியில் பட்டாலும் இந்தக் களத்தில் பட்டதுதான். நடுவர் கிடையாது. அவனவன் வாய்தான் அவனவனுக்குச் சாட்சி. அதனால் எல்லோருடைய துணியும் வெயிலிலும் வியர்வையிலும் வெளுத்து, ரோஸ் நிறத்துக்கு வந்திருக்கும்.

வெர்னன் ஏப்ரல் மாதம் முதல் தடவையாக அந்த மேசைக்கு வந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து நான்கு. கையில் பிளாஸ்டிக் பை. கேட்க வேண்டுமா?

"என்ன பெரியவரே, ஸ்பிரிங் எங்க போய் விழுந்துச்சு?"

"அடுப்புக்குப் பின்னாடிம்மா. எடுத்துட்டேன். ஒரு சின்னக் கொக்கி மட்டும் கிடைக்கல."

"கிடைக்காது. நாளைக்கு சூப்புல வரும், பார்த்து மெல்லுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கியர்களுக்கு அடியில் மெல்லிய வாஷர்களைப் போட்டு உயரத்தைச் சரிசெய்தாள், காணாமல் போன கொக்கிக்கு வேறு வைத்தாள், பிஸ்டனுக்கு உலோகப் பல் உள்ளதாகப் போட்டு, அளவாக மசகு தடவி மூடினாள். வேகமானியில் பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தாள். வினாடிக்கு முந்நூற்று நாற்பது அடி. பத்துக் குண்டுக்கும் இரண்டு அடிகூட வித்தியாசம் இல்லை. களத்தின் உச்ச வரம்பு முந்நூற்று ஐம்பது. கடையில் வாங்கின அன்றுகூட அது இப்படிச் சுட்டிருக்காது.

மே மாதம் மறுபடியும் வந்தார்.

"எட்ட மாட்டேங்குதும்மா. குண்டு போய்ப் படவே மாட்டேங்குது. உள்குழலை மாத்தலாமா?"

மாற்றினாள். குண்டுக்குச் சுழற்சி கொடுக்கும் ரப்பரையும் மாற்றினாள். ஜூனில் வந்து மோட்டாரை மாற்றச் சொன்னார், வெண்ணெய் மாதிரி ஓடும் மோட்டார் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். போதாக்குறைக்கு எல்லோரும் களத்துக் கடையின் வெள்ளைக் குண்டு போடும்போது, இவர் மட்டும் எங்கேயோ தபாலில் வரவழைத்த மண் நிறக் குண்டு போட்டார். கனமானது, மழையில் கரைந்து மண்ணோடு போய்விடுமாம். வெள்ளைக் குண்டைக் குருவிகள் தானியம் என்று தின்றுவிடுகின்றன என்று அவருக்குக் கவலை.

"விதை விதைக்க வந்திருக்கார்டா முதியோர் இல்லம்" என்று அவள் மற்றவர்களிடம் சொல்ல, அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முதியோர் இல்லம் வருது, முதியோர் இல்லம் சுடுது என்று களமெல்லாம் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், வேறென்ன செய்வார்?

ஜூலையில் அவர் நான்காவது தடவை வந்தபோது ராக்ஸானுக்குப் பொறுமை போய்விட்டது. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னும் என்ன மாத்தணும் உங்களுக்கு? உள்ள இருக்கிறதுல பழசு திருகாணி மட்டும்தான் பாக்கி. துப்பாக்கியை விடுங்க, மூக்குக் கண்ணாடிய மாத்துங்க முதல்ல!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். வெர்னன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்துப் புதுக் கண்ணாடியோடு வந்து நின்றார்.

"மாத்திட்டேம்மா. டாக்டர்கூடச் சொன்னார், பவர் கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சாம். இப்ப நல்லாத் தெரியுது. ஆனா இன்னும் பட மாட்டேங்குது."

கிண்டலைப் போய் வைத்தியமாக எடுத்துக்கொண்டிருக்கிறாரே இந்த மனுஷன்! ராக்ஸான் தலையில் அடித்துக்கொண்டாள். வேகமானியில் சுட்டுப் பார்த்தாள். கடுகளவும் குறை இல்லை. இவருக்குக் கை நடுக்கம், அதை ஒத்துக்கொள்ள மனசில்லை, அதனால் உதிரிபாகத்தின் மேல் பழி என்று முடிவு கட்டினாள். அவர் யாரைச் சுடுகிறார், எந்த இடத்தில் நின்று சுடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டாள்களிடம் கேள்வி கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

விஷயம் இதுதான். செப்டம்பரில் கென்டக்கியில் இரண்டு நாள் பெரிய ஆட்டம் நடக்கும். 'இரும்புக் கழுகுகள்' என்ற அணி அதற்குப் போகிறது. வேனில் பத்து இருக்கை, ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. அந்த ஒன்பதில் ஆறு பேர் வெர்னனோடு பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவர்கள். பத்தாவது இருக்கை அவருக்கு வேண்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. சனிக்கிழமையில் மட்டும்தான் அவருடைய குரல் அவருக்கே கேட்கிறது. அந்த ஆறு பேரோடு இரண்டு நாள் ஒரே கூடாரத்தில் கிடக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இல்லை.

ஆனால் அணிக்குக் கேப்டன் கிரெய்க். அவன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான்.

"பயிற்சியில என்னை ஒரே ஒரு தடவை சுட்டுத் தூக்குங்க. இடம் உங்களுக்கு. கென்டக்கியில சும்மா கூட்டம் சேர்க்க ஆள் வேண்டாம் எனக்கு."

நாற்பது வயது, மெத்தைக் கடைக்காரன், தன்னைத் 'தலைக்கழுகு' என்று கூப்பிடச் சொல்வான். கூப்பிடவும் செய்தார்கள், அதுதான் கொடுமை. அவனுடைய துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. உள்ளே குண்டுக்குச் சுழற்சி தரும் சக்கரத்தைத் திருப்புவதற்காக வைத்தது. அதை மூடிக்கொள்ள ஒரு தகடு உண்டு. கிரெய்க் உள்ளே தங்க நிறச் சக்கரம் போட்டிருந்தான். அது ஊருக்குத் தெரிய வேண்டுமே! அதனால் மூடித் தகட்டை அறுத்து எறிந்துவிட்டான். மூடியை அறுத்தால் மண் போகும் என்று ராக்ஸான் சொன்னபோது, "கழுகு தரையில உக்காராது ராக்ஸ்" என்றான். அவளுக்குக் காறித் துப்பத்தான் தோன்றியது. அவன் இடுப்பில் தொங்கிய சிவப்புத் துணி மட்டும் மடிப்புக் கலையாமல் பளபளவென்று இருந்தது. பரவாயில்லை, இந்த ஒரு விஷயத்திலாவது சுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. கென்டக்கிக்கு முன் இதுதான் கடைசிப் பயிற்சி. காலை ஒன்பதரைக்கே கிரெய்க் மேசைக்கு வந்தான். பின்னாலேயே அணி முழுக்க வந்து நின்றது. வேனுக்குச் சொந்தக்காரனான ஜெரோம், பணிமனை மெக்கானிக், இறைச்சி வறுவல் வைத்த சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெர்னன் தன் புதுக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் படவில்லை என்றால் அவருக்கு இருக்கை இல்லை.

"ராக்ஸ், போன வாரத்திலேர்ந்து இதுக்கு மூச்சே இல்ல. இருபது அடியில குண்டு தொப்புனு விழுது. சீக்கிரம் பாரு, பத்து மணிக்கு ஆட்டம்."

"மூச்சு இல்லையா? ரொம்பப் பேசிட்டீங்க போல கேப்டன்."

"பேச்சை விட்டுட்டு வேலையைப் பாரும்மா. ஸ்பிரிங் போயிருக்கும். பெருசா ஒண்ணு போடு."

எல்லாவற்றுக்கும் பெரிய ஸ்பிரிங்! தலைவலிக்குக்கூட இவர்களுக்குப் பெரிய ஸ்பிரிங்தான் மருந்து. ராக்ஸான் இரண்டு முளைகளைத் தட்டி எடுத்தாள், மேல்பாகத்தைக் கழற்றினாள், தங்கச் சக்கரம் மாட்டிய பகுதியை வெளியே இழுத்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும் பள்ளத்திலிருந்து ஏதோ உருண்டு மேசையில் விழுந்தது.

மண் நிறக் குண்டு.

துப்பாக்கியைச் சாய்த்தாள். இன்னொன்று விழுந்தது. மூன்றாவது விழவில்லை. அது கியர் பெட்டியின் காற்று வரும் மூக்குக்கும் ரப்பருக்கும் நடுவே நசுங்கிச் சிக்கியிருந்தது. அதனால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் காற்றெல்லாம் வெளியே போயிருக்கிறது. இடுக்கியால் பிடுங்கி, மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தாள்.

ராக்ஸானுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. உள்குழல், ரப்பர், மோட்டார், மூக்குக் கண்ணாடி.

"கேப்டன், நீங்க என்ன குண்டு போடுறீங்க?"

"வெள்ளை. எல்லாரும் போடுறதுதான். ஏன்?"

"இது என்ன நிறம்?"

கிரெய்க் குனிந்து பார்த்தான். நிமிர அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"தரையில கிடந்ததா இருக்கும். படுத்துச் சுடும்போது உள்ள போயிருக்கும்."

"கழுகு தரையில உக்காராதுன்னு சொன்னீங்களே, படுக்க மட்டும் செய்யுமா? உங்க முழங்கால் பட்டையில ஒரு பொட்டு மண் உண்டா? கடையில வாங்கின மாதிரியே இருக்கு."

ஜெரோம் மெல்லுவதை நிறுத்தினான். சாண்ட்விச்சை மேசையில் வைத்துவிட்டுக் குண்டுகளை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தான்.

"இது வெர்னன் அண்ணன் குண்டு. இந்தக் களத்துல வேற யாரும் இதைப் போடுறதில்ல."

"ஆமா. இந்த ஜன்னலைப் பாரு ஜெரோம்" என்றாள் ராக்ஸான். "என் கட்டைவிரல் அளவு. ஓடிக்கிட்டே இருக்கிற ஆளோட துப்பாக்கியில, கட்டைவிரல் அளவு ஓட்டைக்குள்ள மூணு குண்டு போயிருக்கு. அப்ப அந்த ஆளோட நெஞ்சுல, முதுகுல, தலையில எத்தனை பட்டிருக்கும்? நீயே கணக்குப் போடு."

ஜெரோம் கையை நீட்டிக் கிரெய்க்கின் இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை உருவினான். நான்காக மடித்த மடிப்பு இஸ்திரி போட்டது மாதிரி அப்படியே இருந்தது. ஒரு மூலையில் கடைக்காரன் குத்திய அட்டைகூடத் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், இதை நீ ஒரு தடவைகூடப் பிரிக்கலையாடா?" என்றான் ஜெரோம். "மூணு வருஷமா ஆடுற!"

"நான் வேகமா ஓடுறவன். என்மேல படாது."

"படாதா? துப்பாக்கிக்குள்ள மூணு இருக்கேடா, வெக்கங்கெட்டவனே! அந்த மனுஷன் உன்னைச் சுட்டுச் சுட்டு, தன் துப்பாக்கிதான் சரியில்லன்னு நாலு தடவை பிரிச்சு மாட்டியிருக்காரு. கண்ணாடிய மாத்தியிருக்காரு. பார்த்துக்கிட்டே இருந்தியேடா!"

"சரி விடுங்கப்பா, விளையாட்டுத்தானே. சில சமயம் பட்டது தெரியாது. இந்தக் கவசத்துக்கு மேல பட்டா எப்படித் தெரியும்?"

"அப்ப மெத்தையைக் கட்டிக்கிட்டா வந்த?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். சிரிப்பு வெடித்தது. இதே சிரிப்பு ஜூலையில் வெர்னனுக்காக வெடித்தது. ராக்ஸானுக்கு அது ஞாபகம் வந்தது, காது சூடாயிற்று.

ஜெரோம் துணியை உதறிப் பிரித்து நீட்டினான். "மூணு பட்டிருக்கு. தலையில போட்டுக்கிட்டு நட. இன்னிக்கு முழுக்க எடுக்கக் கூடாது. அப்புறம் வேன்ல உனக்கு எங்க இடம்னு யோசிக்கலாம்."

கிரெய்க் வாங்கவில்லை. நான்கு மாதம் ஒரு கிழவரை அலையவிட்டவனுக்கு, ஒரு முழத் துணியைத் தலையில் போட மானம் தடுத்தது. "கேப்டன் பதவியும் வேண்டாம், உங்க சகவாசமும் வேண்டாம். என் துப்பாக்கியைக் குடு" என்றான்.

"இந்தா தர்றேன்." ராக்ஸான் மேல்பாகம், கீழ்பாகம், முளைகள், தங்கச் சக்கரம் எல்லாவற்றையும் ஒன்றாக வழித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டாள். வாய்ப்பட்டையை அழுத்தி மூடி அவன் கையில் திணித்தாள். "வீடியோ இருக்கு. பார்த்து நீயே மாட்டிக்கோ."

அவன் வண்டி சரளைக்கல்லை வாரி இறைத்துக்கொண்டு வெளியேறும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோம் ஐஸ் பெட்டியின் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டி கிளம்புது. முன்சீட் உங்களுக்கு. தூங்காம எனக்குப் பேச்சுத் துணைக்கு வரணும், சொல்லிட்டேன்."

வெர்னன் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கண் கலங்கியிருந்தது, கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. பணிமனைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் அவர் முதுகில் தட்டினார்கள். பத்து மணிக்கு ஊதல் ஒலித்தது. எல்லோரும் களத்துக்குள் ஓடினார்கள்.

வெர்னன் மட்டும் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். ராக்ஸான் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று குண்டுகளும் இன்னும் மேசையிலேயே கிடந்தன.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"ஏப்ரல்ல நீ சரி பண்ணிக் குடுத்தியே, முதல் தடவை. அப்பவே இது நல்லாத்தான் இருந்துச்சா?"

பொய் சொல்ல வழி இருந்தது. உள்குழல் மாற்றியதால் குறி கூடியது, மோட்டார் போட்டதால் வேகம் வந்தது என்று அரை மணி நேரம் பேச அவளால் முடியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நம்பியிருப்பார்.

"நல்லா இருந்துச்சு" என்றாள். "அன்னிக்கே நான் அளந்து பார்த்தேன். இந்தக் களத்துல அதைவிட ஒழுங்கா சுடுற துப்பாக்கி கிடையாது."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப மே மாசம் நான் வந்தப்ப ஏம்மா சொல்லல? கண்ணாடிய மாத்துன்னு சொன்னியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

உங்களைக் கை நடுங்கும் கிழவர் என்று நினைத்தேன், அதனால் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? வாயால் ஊரையே மடக்குகிறவள், அந்த மூன்று குண்டுகளையும் விரலால் வரிசையாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

வெர்னன் கோபப்படவில்லை. பிறகு தன் இடுப்பிலிருந்து, துவைத்துத் துவைத்து ரோஸ் நிறமாய்ப் போன துணியை உருவி, அவள் முன்னால் மேசையில் வைத்தார். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு களத்தை நோக்கி நடந்தார்.

ராக்ஸான் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்க்க யாரும் இல்லை. துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"பட்டது!" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள், கையைத் தூக்கியபடி.